கீழமை நீதிமன்றத் தமிழை எளிமையாக்கலாமா, கூடாதா?

கரிசல்:
தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. கீழமை நீதிமன்றங்களின் தீர்ப்புரை, தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் ஆணை), உத்தரவு எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்கிற 4-பி பிரிவு 1976 திருத்தத்தில் சேர்ந்தது. வழக்காடுகிறவருக்குத் தன் வழக்கு புரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் ஒரு சாதாரண சொத்து வழக்கில் வழக்குரையின், அதாவது வாதி தாக்கல் செய்யும் மனுவின், கடைசிப் பத்தியைப் பாருங்கள்: "தாவா சொத்து வாதிக்குப் பாத்தியப்பட்டது என விளம்புகை செய்தும், வாதியின் அமைதியான அனுபவத்திற்குப் பிரதிவாதி யாதொரு இடையூறும் செய்யக்கூடாதென நிரந்தர உறுத்துக்கட்டளைப் பரிகாரம் வழங்கியும்..." சொத்து வாதியுடையது என்று அறிவியுங்கள், பிரதிவாதி அவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று நிரந்தரமாக ஆணையிடுங்கள் என்பதுதான் பொருள். அழைப்பாணையோடு இந்த நகல்தான் பிரதிவாதியின் கைக்குப் போகிறது. தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்றே அவருக்குப் புரிவதில்லை. அவர் எதிருரை (எழுத்திலான பதில்) தாக்கல் செய்ய 30 நாள்தான் இருக்கிறது. நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டலாம். அதுவும் அவருக்குத் தெரியாது.

என் யோசனை எளியது. பத்திரிகைகள் எழுதுகிற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உறுத்துக்கட்டளைக்குத் தடை உத்தரவு, தீர்ப்பாணைக்குத் தீர்ப்பு, தோன்றாத் தரப்பினருக்கு ஒருதலைப்பட்சம், 'குற்றச்சாட்டு வனைதல்' (எந்தக் குற்றத்துக்காக விசாரணை என்று நீதிமன்றம் முறைப்படி எழுதுவது) என்பதற்குக் குற்றச்சாட்டுப் பதிவு. மக்களுக்குப் பழகிய சொல் இருக்கும்போது பழகாத சொல் எதற்கு?

மெய்ப்பு:
உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை கரிசல். மருந்துதான் தவறு. நீங்கள் மாற்றச் சொல்கிற முதல் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

'வேலி போடாதே' என்பது நிரந்தர உறுத்துக்கட்டளை. 'போட்ட வேலியை எடு' என்பது செயலுறுத்துக் கட்டளை. தனியுரிமைத் தீர்வழிச் சட்டம் 1963-இல் முன்னது 38-ஆம் பிரிவு, பின்னது 39-ஆம் பிரிவு. ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் ஆணையை எப்படித் 'தடை' என்பீர்கள்? காலவரம்புச் சட்டம் இந்த இரண்டையும் எப்படிப் பார்க்கிறது என்றும் கவனியுங்கள். செயலுறுத்துக் கட்டளைத் தீர்ப்பாணையை நிறைவேற்ற 3 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். நிரந்தர உறுத்துக்கட்டளைக்குக் காலவரம்பே கிடையாது. மற்றத் தீர்ப்பாணைகளுக்கு 12 ஆண்டு. எல்லாமே 'தடை' என்றால், கையில் தீர்ப்பு இருக்கிறது என்று நாலாவது வருஷம் நிறைவேற்றல் மனுவோடு வருகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பாணையின் நிறைவேற்றத்தை நிறுத்திவைப்பதையும் பத்திரிகை 'தடை' என்றுதான் எழுதுகிறது. அது நடவடிக்கையை நிறுத்துவது. உறுத்துக்கட்டளை ஆளைக் கட்டுப்படுத்துவது. இடைக்கால உறுத்துக்கட்டளையை மீறினால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 2-ஏ-யின்படி சொத்து ஜப்தி, 3 மாதம் வரை உரிமையியல் (சிவில்) சிறை. தன்மேல் இருப்பது எந்தத் 'தடை' என்று தெரியாதவர் எதை மீறுகிறோம் என்றும் அறியமாட்டார்.

'ஒருதலைப்பட்சத் தீர்ப்பு' என்று படிக்கிறவர் நீதிபதி பாரபட்சம் காட்டிவிட்டார் என்றுதான் நினைப்பார். 'பிரதிவாதி தோன்றாத் தரப்பினராக்கப்பட்டார்' என்பதில் நடந்தது அப்படியே இருக்கிறது: அவர் வரவில்லை, அதனால் இப்படி ஆயிற்று. அப்படியானால் என்ன செய்யலாம் என்று அவருக்கே தோன்றும்: 30 நாளுக்குள் கட்டளை 9, விதி 13-இன் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். இந்த இடத்தில் நீதிமன்றச் சொல்தான் எளிய சொல்.

வெள்ளாறு:
பத்திரிகைத் தமிழ் செய்யும் கெடுதலுக்கு என் பங்குக்கு இரண்டு.

'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் வழக்கு' என்பது தினமும் வருகிற வரி. அப்படி ஒரு பிரிவே இல்லை. பிணையில் விடத்தகு குற்றத்தில் பிணை (ஜாமீன்) ஓர் உரிமை. கேட்டால் கொடுத்தாக வேண்டும். மற்றதில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை, அவ்வளவே. இந்த வரியை நம்பி மனுவே போடாமல் உட்கார்ந்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன.

அடுத்தது 'விடுதலை'. சாட்சிகளை விசாரித்துக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொல்வது விடுதலை. குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, வனையப் போதிய ஆதாரம் இல்லை என்று அனுப்புவது விடுவிப்பு. விடுவிப்பு விடுதலை ஆகாது என்று சட்டமே சொல்கிறது. புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி வழக்கு வரலாம். இரண்டுக்கும் 'விடுதலை' என்று தலைப்புப் போட்டால், வழக்கு அடியோடு முடிந்தது என்று அந்த ஆள் நம்பிவிடுகிறார்.

நான்கெல்லை:
நீங்கள் எல்லோரும் பெயர்ச்சொற்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆளைக் கவிழ்ப்பது வாக்கிய அமைப்பு. குறுக்கு விசாரணை பதிவாகும் விதத்தைப் பாருங்கள்.

எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கேட்கிறார்: "சம்பவத்தன்று நீங்கள் அங்கே இல்லை என்று சொல்கிறேன்." சாட்சி சொல்வது: "இருந்தேன் ஐயா, என் கண்ணால பார்த்தேன்." பதிவேட்டில் ஏறுவது: "சம்பவத்தன்று நான் அங்கே இல்லை என்று சொன்னால் சரியல்ல." பழகியவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. எதிர்மறைக் கேள்விக்குச் சாட்சி ஒரே சொல்லில் பதில் சொன்னால்தான் சிக்கல். "நீங்கள் புகார் கொடுக்கவில்லை, சரிதானே?" என்றால், கொடுக்காதவர் 'ஆமாம்' என்பார், 'இல்லை' என்றும் சொல்வார், தமிழில் இரண்டுக்கும் ஒரே பொருள். பதிவிலோ முதலாவது 'சரிதான்' ஆகிறது, இரண்டாவது 'சரியல்ல' ஆகிறது. 'சரியல்ல' என்று ஏறினால் அவர் புகார் கொடுத்ததாக ஆகிவிடும்!

மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் போகும்போது இதை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். அரசமைப்பின் 348-ஆவது உறுப்பால் அங்கே ஆங்கிலம்தான். இரட்டை எதிர்மறையில் ஒன்று விழுந்தால் சாட்சியம் தலைகீழ்.

சொத்து விவரமும் இப்படித்தான். "கிழமேல் பாதைக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு, இதற்கு மத்தியில் கட்டுப்பட்டது" என்பது நம் பத்திர நடை. பாதைக்குத் தெற்கே இருப்பது சொத்து. ஆகவே சொத்தின் வடக்கெல்லைதான் பாதை. ஆங்கில அட்டவணையில் 'தெற்கு: பாதை' என்று போட்டுவிட்டால் நிலம் புரண்டுவிடும். கிழமேல் பாதை என்றால் கிழக்கு மேற்காக ஓடும் பாதை; அதையும் 'கிழக்குப் பாதை' என்று பெயர்த்துவிடுகிறார்கள். மொழிபெயர்த்ததும் புல எண் வரைபடத்தோடு ஒரு முறை வைத்துப் பார்த்தால் இது அங்கேயே அகப்படும்.

மெய்ப்பு:
நான்கெல்லை சொன்ன 'சரியல்ல' விஷயம் முழுக்க உண்மை. ஆனால் அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. சாட்சியம் சாதாரணமாகத் தொடர் உரையாகப் பதிவாகும். தேவைப்பட்டால் நீதிபதி கேள்வி-பதிலாகவே பதியலாம். உரிமையியல் வழக்கில் கட்டளை 18, விதி 10 இதற்குத்தான். குற்ற வழக்கில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 310, 311 பிரிவுகள் இடம் தருகின்றன. எதிர்மறைக் கேள்வி வந்த உடனே, "கேள்வியையும் பதிலையும் அப்படியே பதியுங்கள்" என்று வழக்கறிஞர் எழுந்து கேட்க வேண்டும். மறுநாள் கேட்டுப் பயனில்லை. அதே பி.என்.எஸ்.எஸ்.-இன் 313-ஆவது பிரிவுப்படி வாக்குமூலத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும். அவசரமாக வாசித்துக் கையெழுத்து வாங்கினால் அந்தப் பாதுகாப்பு வெறும் சடங்காகிவிடும்.

கரிசல்:
ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே பதிந்தால் ஒரு சாட்சிக்கே நாள் முழுக்கப் போய்விடும் சார். அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

தடை, ஒருதலைப்பட்சம் இரண்டிலும் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் 'நீதிமன்றச் சொல் துல்லியமானது' என்பதை அப்படியே விட முடியாது. காவல் நிலையத்தில் எழுதும் சாட்சி வாக்குமூலங்கள் எல்லாம் ஒரே அச்சு: "நான் மேற்படி விலாசத்தில் குடும்பத்துடன் வசித்து, கூலி வேலை செய்து வருகிறேன்." எழுதப் படிக்கத் தெரியாத பெண்மணி 'மேற்படி' என்று பேசியிருக்கவே முடியாது. விசாரணையில் அவர் தன் பேச்சில் சொல்வதற்கும் அந்த அச்சு வாக்குமூலத்துக்கும் வித்தியாசம் வந்தால், அதைக் காட்டியே முரண்பாடு என்று குறிக்கிறார்கள். அவர் வார்த்தை மாறவில்லை, எழுதியவரின் வார்த்தைதான் வேறு. இங்கேதான் எளிய தமிழ் அவசரமாக வேண்டும். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுவதற்கு எந்தக் கலைச்சொல்லும் குறுக்கே நிற்கவில்லை.

தீர்ப்பாணையிலும் கலைச்சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் கொடுங்கள்: 'அதாவது, பிரதிவாதி இந்த நிலத்துக்குள் நுழையக் கூடாது' என்று.

மெய்ப்பு:
வாக்குமூலம் பற்றிச் சொன்னதை மறுக்க எதுவுமில்லை. தீர்ப்பாணைக்குள் விளக்க வரி மட்டும் வேண்டவே வேண்டாம். நிறைவேற்றும் நீதிமன்றம் தீர்ப்பாணையைத் தாண்டிப் போக முடியாது. அதில் எழுதியிருப்பதுதான் எல்லை. ஒரே ஆணை இரண்டு நடையில் இருந்தால், கட்டளையில் 'இடையூறு' என்றும் விளக்கத்தில் 'நுழைதல்' என்றும் இருப்பதைப் பிடித்துக்கொண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆவது பிரிவில் மனு வரும். வாய்க்காலை அடைத்தால் அது இடையூறு, நுழைதல் ஆகாது. ஜெயித்தவர் இன்னும் ஐந்து வருஷம் அலைவார்.

நான்கெல்லை:
சொல் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் முதலில் 'சீராய்வு' என்பதைத் தீர்த்து வையுங்கள் சார். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 115-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் கீழ் நீதிமன்ற உத்தரவைத் திருத்துவதை நம் நீதிமன்றங்கள் சீராய்வு என்கின்றன. தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமே திரும்பப் பார்ப்பது மறுஆய்வு. உச்ச நீதிமன்றச் செய்திகளில் அந்த மறுஆய்வைத்தான் 'சீராய்வு மனு' என்று எழுதுகிறார்கள். சிவில் வழக்கில் சீராய்வுக்கு 90 நாள், மறுஆய்வுக்கு 30 நாள். செய்தி படித்துப் பழகியவர் 'சீராய்வுக்கு 90 நாள் இருக்கிறது' என்று கேள்விப்பட்டு மறுஆய்வை விட்டுவிட்டால், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்டுத் தனி மனுவும் போட வேண்டியதுதான்.

கரிசல்:
சரி, தீர்ப்பாணைக்குள் வேண்டாம். அழைப்பாணையோடு தனித்தாளாகக் கொடுக்கலாமே. தீர்ப்பாணையில் சேராத, யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு தாள்: உங்கள் மேல் இன்னார் வழக்குப் போட்டிருக்கிறார், உங்களிடம் இதைக் கேட்கிறார், எதிருரைக்கு இத்தனை நாள், வராவிட்டால் இது நடக்கும், வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.

மெய்ப்பு:
'இன்னது கேட்கிறார்' என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதை யார் எழுதினாலும் வழக்குரைக்கு வியாக்கியானம் ஆகிவிடும். மீதி நான்கு வரிக்கு நான் சம்மதம்.

கரிசல்:
அந்த ஒரு வரிக்காகத்தான் சார் இவ்வளவும் பேசுகிறேன். என்ன கேட்கிறார்கள் என்று தெரியாதவருக்கு எத்தனை நாள் அவகாசம் இருந்தும் என்ன?