தோப்புக் குடும்பம் குழு: சின்ன டிராக்டருக்கு எந்த ஆயில்?

சிவா (காலை 6:42): எல்லாருக்கும் வணக்கம். சின்ன டிராக்டருக்கு ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஹவர் மீட்டர் 2,480 மணி நேரம் காட்டுகிறது, போன தடவை மாற்றியபோது மட்கார்டில் பெயின்ட்டில் எழுதி வைத்தது 2,385. கடையில் கேட்டால் வண்டி பழசாச்சே, கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுங்கள் என்கிறார். இதுவரை ஊற்றியது 15டபிள்யூ-40. எதை வாங்கட்டும்?

சிவா (6:44): இன்னொன்று, இந்த முறை ஆயில் குடிக்கிறது. தென்னைக்கு இடையில் மண்ணைக் கிளற ரோட்டவேட்டர் ஓட்டிய அந்த ஒரு வாரத்திலேயே மேல் கோட்டில் இருந்த ஆயில் பாதிக்கு இறங்கிவிட்டது. லோடு ஏறினால் லேசாக நீலப்புகையும் வருகிறது.

பெரியப்பா (7:05): கண்ணு, கடைக்காரர் சொல்வது சரிதான். வயசான இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் நிற்கும். கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் இருந்த காலத்தில் வெறும் 40 நம்பர்தான் ஊற்றினோம், அது எத்தனை வருஷம் ஓடியது! இந்த டபிள்யூ கிபிள்யூ எல்லாம் அப்போது ஏது.

மணி மாமா (7:11): மச்சான், அது கொட்டகைக்குள் நின்ற இடத்தில் நின்று ஒரே வேகத்தில் தண்ணி இறைத்த இன்ஜின். இது புழுதிக்குள் புகுந்து வேலை செய்கிற வண்டி. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள்.

பெரியப்பா (7:12): ஆயில் ஆயில்தானே மாப்பிள்ளை.

பிரபு ஓசூர் (7:30): பெரியப்பா, டபிள்யூ என்பது குளிர்காலக் கணக்கு. 15டபிள்யூ என்றால் மைனஸ் 20 டிகிரி குளிரில் ஆயில் எவ்வளவு இறுகுகிறது என்று சோதித்துக் கொடுக்கும் எண், 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில். ஆனைமலையில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தப் பக்கமே போகாது, அதனால் முன்னால் இருக்கும் 15-ஆ 20-ஆ என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நமக்கு முக்கியம் பின்னால் இருக்கும் எண்தான். இன்ஜின் சூடாகி ஆயில் 100 டிகிரிக்கு வந்த பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது அது. 40 என்றால் 12.5-இல் இருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டியை அளக்கும் அலகு), 50 என்றால் 16.3-இல் இருந்து 21.9-க்குள் இருக்க வேண்டும். நீங்கள் ஊற்றிய பழைய 40 நம்பரும் சூட்டில் இதே 40 கெட்டிதான், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கும்.

பெரியப்பா (7:38): அப்போ நான் சொன்னதுதானே. 50 இன்னும் கெட்டி, புகை நிற்கும்.

மணி மாமா (7:46): புகை குறையும், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் தேய்ந்ததுதான், கெட்டி ஆயில் அதை மறைக்கும், அவ்வளவுதான். அதோடு காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே ஆயில் மேலே வால்வை அசைக்கும் ராக்கர் வரைக்கும் ஏறக் கொஞ்சம் தாமதமாகும், அந்த முதல் சில விநாடிகளில் தேய்மானம் கூடும். உடுமலை ஒர்க்‌ஷாப்பில் இருந்த வரைக்கும் இதைத்தான் பார்த்தேன். வண்டி புகைகிறது என்று கெட்டி ஆயில் ஊற்றிக்கொண்டு போவார்கள், அப்புறம் பாதி சீசனில் சிலிண்டர் போர் வேலைக்கு இழுத்துக்கொண்டு வருவார்கள். சிவா, வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?

சிவா (7:52): 15டபிள்யூ-40, ஏபிஐ தரம் சிஎஃப்-4 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறது மாமா. 100 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்று என்றும் போட்டிருக்கிறது.

மணி மாமா (7:53): அப்புறம் என்ன, அதையே வாங்கு. கடைக்காரரா அந்த இன்ஜினைச் செய்தார்?

பெரியப்பா (7:55): 😀 சரி சரி. ஆனால் சிஎஃப்-4 எல்லாம் இப்போது கிடைக்கிறதா?

பிரபு ஓசூர் (8:10): அது 1990-இல் வந்த தரம், இப்போது தேடி அலைய வேண்டாம். அதற்கு அப்புறம் சிஜி-4, 1998-இல் சிஎச்-4, 2002-இல் சிஐ-4, பிறகு சிஜே-4, 2016 கடைசியில் சிகே-4 வந்தது. இவற்றில் பின்னால் வந்ததை முன்னால் வந்தது கேட்கும் வண்டியில் ஊற்றலாம். நம் வண்டிக்கு சிஐ-4 போதும். சிஜே, சிகே எல்லாம் சைலன்சரில் புகைக்கரி வடிகட்டி இருக்கும் புது வண்டிகளை மனதில் வைத்துச் செய்தவை, நமக்கு அதில் பெரிய லாபம் இல்லை, காசுதான் கூட. எஃப்ஏ-4 என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் தொடாதே, சில புது இன்ஜின்களுக்கென்றே செய்த மெல்லிய ஆயில்.

பிரபு ஓசூர் (8:12): கேனில் முதலில் ‘சி’ என்று ஆரம்பிக்கிறதா பார். ‘எஸ்’ என்று மட்டும் இருந்தால் பெட்ரோல் வண்டி ஆயில். இரண்டும் சேர்ந்து சிஐ-4/எஸ்எல் என்று இருந்தால் பரவாயில்லை. கடைக்காரர் காட்டிய 20டபிள்யூ-50-ஐப் புரட்டிப் பார், நிறையவே பைக், கார் ஆயிலாகத்தான் இருக்கும்.

சிவா (8:20): அண்ணா சொன்னது சரி, போட்டோ எடுத்து வைத்திருந்தேன், இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். எஸ்ஜே மட்டும்தான் போட்டிருக்கிறது.

ரேவதி அத்தை (8:31): காலையிலேயே ஆயில் கதையா! சிவா சாமி, ஆயில் மாற்றுவதெல்லாம் மாற்று, வடிக்கிறதற்கு என் பேசினை எடுத்தாயானால் தெரியும் சேதி. போன வருஷம் எடுத்த பேசினை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிவா (8:33): இல்லைங்க அத்தை, பழைய 20 லிட்டர் கேனைப் படுக்கப் போட்டு ஒரு பக்கம் வெட்டி வைத்திருக்கிறேன்.

மணி மாமா (8:40): ஆயில் எதுவென்று முடிந்துவிட்டது, அதை விடுங்கள். எனக்கு இடிப்பது வேறு. ஒரே வாரத்தில் பாதி கேஜ் (அளவு பார்க்கும் கம்பி) குடிக்கிறது என்றால் ஆயில் நம்பரால் வந்த வினை இல்லை. மாப்பிள்ளை, மதியம் வண்டி சும்மா நிற்கும்போது மூன்றைப் பார். ஒன்று, வெளியே எங்காவது ஒழுகுகிறதா, கிராங்க் சீல் பக்கம், ஆயில் வடிக்கும் டிரெய்ன் நட், ஃபில்டர் அடி. இரண்டு, இன்ஜினை ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்று, லேசாக ஆவி வந்தால் சரி, குப்குப் என்று புகை தள்ளினால் ரிங் வழியாக கேஸ் கீழே இறங்குகிறது. மூன்றாவதுதான் முக்கியம், ஏர் ஃபில்டர். ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் தானே?

சிவா (8:42): ஆமாங்க மாமா, கீழே கிண்ணம் இருக்கும் மாடல்.

மணி மாமா (8:47): கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயில் இருக்கிறதா பார். சில பேர் நல்லதுதானே என்று நிறைய ஊற்றிவிடுவார்கள். அதை இன்ஜின் உறிஞ்சிக்கொண்டு நீலப்புகை விடும், ரொம்பப் போனால் ஆஃப் பண்ணினாலும் நிற்காமல் அந்த ஆயிலிலேயே தறிகெட்டு ஓடும்.

பிரபு ஓசூர் (8:50): ஆனால் மாமா, அப்படி இருந்தால் கிண்ணம்தான் குறையும், கேஜ் இறங்காதே.

மணி மாமா (8:51): சரியாகப் பிடித்தாய். அதனால் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் ஃபில்டரில் இருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாயை, அந்த ஓசு, கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவு. விரல் சுத்தமாக வரவேண்டும். ஃபில்டர் தாண்டிய இடத்தில் மண் இருந்தால் அது நேராக சிலிண்டருக்குத்தான் போகிறது.

பெரியப்பா (9:02): இவ்வளவு இருக்கிறதா. வண்டி ஓட்டும் நம்ம ஆள் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான், மூடியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டான்.

சிவா (மதியம் 1:48): [படம்]

சிவா (1:50): மாமா, வெளியே ஒழுகல் இல்லை. மூடியைக் கழற்றினால் புகை கொஞ்சம் வருகிறது, தள்ளவில்லை. கிண்ணத்தில் ஆயில் கோட்டில்தான் நிற்கிறது, ஆனால் கையை விட்டால் அடியில் அரை இஞ்சுக்குச் சேறு, ராகிக்களி மாதிரி அப்படியே உருட்டி எடுக்கலாம்.

சிவா (1:53): [படம்] இதைப் பாருங்கள். ஓசில் கிளிப் அழுத்தும் இடத்துக்கு அடியிலேயே சுற்றி வெடித்திருக்கிறது, கிளிப் மேலே இருந்ததால் வெளியில் இருந்து தெரியவே இல்லை. வளைத்துப் பார்த்தால் வாய் திறக்கிறது. உள்ளே விரலை விட்டால் செம்மண்.

மணி மாமா (1:58): கிடைத்துவிட்டது. இன்ஜின் ஃபில்டர் வழியாகக் கொஞ்சமும் அந்த வெடிப்பு வழியாக மீதியுமாக மூச்சு விட்டிருக்கிறது. அந்தச் செம்மண்தான் ரிங்கையும் சிலிண்டர் லைனரையும் தேய்க்கிறது. எவ்வளவு உசத்தி ஆயில் ஊற்றினாலும் மண்ணோடு சேர்ந்தால் அது அரைக்கிற மாவுதான். இனிமேல் அந்த ஓசு மாற்றும் வரை வண்டியை எடுக்கக்கூடாது, டேப் சுற்றி ஓட்டுகிற வேலையும் வேண்டாம், சூட்டில் பிசின் இளகி வந்துவிடும்.

பெரியப்பா (2:05): வெள்ளிக்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்கு ரோட்டவேட்டர் ஓட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

மணி மாமா (2:06): அதற்குள் முடித்துவிடலாம் மச்சான், ஓசு ஒரு பெரிய சாமானா. சிவா, பழையதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போ, உள் அளவைப் பார்த்து வாங்கு, கிளிப்பும் புதுசு. கிண்ணத்தையும் மேலே இருக்கும் கம்பி வலையையும் டீசலில் அலசி நன்றாக வடியவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கிண்ணத்துக்கும் இன்ஜினுக்கு ஊற்றுகிற அதே ஆயில்தான், கோடு வரைக்கும். ரோட்டவேட்டர் ஓட்டுகிற நாளில் தினம் சாயங்காலம் கிண்ணத்தைப் பார்.

சிவா (2:15): சரிங்க மாமா. அப்போ புகை நின்றுவிடுமா?

மணி மாமா (2:19): தேய்ந்தது திரும்பி வளராது. இனிமேல் தேய்வது நிற்கும், அவ்வளவுதான் சொல்லலாம். தினம் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கேஜைப் பார்த்து ஒரு நோட்டில் எழுது. குடிப்பது இதே அளவில் நின்றால் டாப்-அப் செய்துகொண்டே பல சீசன் ஓட்டலாம். கூடிக்கொண்டே போனால், ஸ்டார்ட்டிங்கும் இழுத்தால், அப்போது இன்ஜின் ஹெட்டைக் கழற்றுவோம்.

பிரபு ஓசூர் (2:30): ஆயில் கறுப்பாகிவிட்டது என்று மட்டும் பயப்படாதே சிவா, டீசல் இன்ஜினில் ஊற்றிக் கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும், கரியைப் பிடித்துவைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பால் கலந்த நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், தண்ணீர் கலக்கிறது. அதேபோல ஆயில் ஊற்றாமலேயே கேஜில் மட்டம் ஏறினால் முகர்ந்து பார், டீசல் வாடை வந்தால் டீசல் பம்ப் பக்கம் இருந்து இறங்குகிறது, அதோடு ஓட்டாதே.

ரேவதி அத்தை (2:41): வடித்த ஆயிலைக் கிணற்று மேட்டில் ஊற்றக்கூடாது, சொல்லிவிட்டேன். அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது.

பெரியப்பா (2:44): வேலிக் கல்லுக்கால் பக்கம் கரையானுக்கு ஊற்றலாமே, எப்போதும் அப்படித்தானே செய்கிறோம்.

ரேவதி அத்தை (2:46): கல்லுக்காலைக் கரையான் அரிக்குமா அண்ணா? 😂

பிரபு ஓசூர் (2:50): 😂 மண்ணில் எங்கேயும் வேண்டாம் பெரியப்பா. ஓடிய ஆயில் அரசாங்கக் கணக்கில் அபாயக் கழிவு. மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்து, சர்வீஸ் ஸ்டேஷனில் டிரம்மில் சேர்ப்பவர்களிடம் கொடுத்துவிடலாம், சுத்திகரிக்கிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

சிவா (3:10): ஆயில் எங்கே வாங்கட்டும்? சந்தைப் பக்கம் ஒரு கடையில் லூஸில் லிட்டர் கணக்கில் தருகிறார்கள், விலை ரொம்பக் குறைவு.

மணி மாமா (3:12): லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பங்க்கில் சர்வோ, மேக், எச்பி எது இருந்தாலும் சீல் உடையாத கேன், 15டபிள்யூ-40, சிஐ-4. கம்பெனியைப் பற்றிக் கவலைப்படாதே, நம்பரும் எழுத்தும் சரியாக இருந்தால் போதும். 5 லிட்டர் வாங்கு, மிச்சம் கிண்ணத்துக்கும் டாப்-அப்புக்கும் ஆகும். காலி கேனில் மூடிக்கு அடியில் இருக்கும் ஃபாயிலைக் கிழித்துவிட்டுப் போடு, சிலர் அதையே நிரப்பி விற்கிறார்கள்.

மணி மாமா (3:18): மாற்றும்போது வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பத்து நிமிஷம் ஓட்டி ஆயில் சூடாக இருக்கும்போதே வடி, அப்போதுதான் அழுக்கோடு இறங்கும். டிரெய்ன் நட்டில் காப்பர் வாஷர் இருக்கும், நசுங்கியிருந்தால் மாற்று. புது ஃபில்டர் ரப்பரில் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கு, ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த தடவை கழற்ற நான்தான் வரவேண்டும். ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி, ஆயில் லைட் அணைந்த பிறகு நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு கேஜ் பார். மேல் கோட்டைத் தாண்டக்கூடாது, அதிகமானால் கிராங்க் அடித்து நுரை கட்டும்.

பெரியப்பா (3:25): கியர் பெட்டிக்கும் இதையே ஊற்றிவிடலாமா? ரோட்டவேட்டரை ஹைட்ராலிக் தூக்குவது மெதுவாக இருக்கிறது என்று நம்ம ஆள் சொன்னான்.

மணி மாமா (3:27): ஐயோ வேண்டாம் மச்சான். அதற்குத் தனி ஆயில், புத்தகத்தில் இருக்கிறது. முதலில் ஹைட்ராலிக் ஃபில்டரைக் கழுவச் சொல்லுங்கள், பாதி நேரம் அதுதான்.

மணி மாமா (3:29): அப்படியே ரேடியேட்டர் முன்னால் பார், சிவா. தென்னை நாரும் புல் பூவும் அடைத்திருக்கும். ஃபேன் பக்கம் இருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடி, முன்னால் இருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போகும். போர்வெல் தண்ணீர் ஊற்றாதே, நம்ம ஊர் உப்பு உள்ளே படிந்துவிடும், கூலன்ட் போடு.

சிவா (மாலை 6:35): ஓசு கிடைத்துவிட்டது மாமா, கிளிப் இரண்டும் வாங்கிவிட்டேன். ஆயில் பங்க்கிலேயே வாங்கினேன், ஃபில்டரும் ஆச்சு. நாளைக் காலையில் மாற்றிவிட்டு மட்கார்டில் மீட்டர் எழுதிப் போட்டோ போடுகிறேன்.

பெரியப்பா (6:41): பில்லையும் போடு கண்ணு, தோப்புக் கணக்கில் எழுதணும். அந்த 20டபிள்யூ-50 கேனுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே?

சிவா (6:42): இல்லைங்க பெரியப்பா, எடுத்து வைக்கத்தான் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ரேவதி அத்தை (6:50): என் பேசின் எங்கே?