கோபம் கைக்கு வந்த அந்த நொடி: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

இரவுப்பறவை:
மூன்று மாதமாக மனதை அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். வேலை முடியாத ஒரு இரவு, மகள் மடிக்கணினி மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். ஏழு வயது. எப்போது எழுந்தேன், எப்போது கையை ஓங்கினேன் என்று எனக்கே தெரியாது. அடிக்கவில்லை. ஆனால் நானாக நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். அவள் என் கையைப் பார்க்கக்கூட இல்லை. இடது தோளைத் தூக்கிக் காதை மறைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அழவில்லை, ஓடவில்லை. பழகிய வேலையைச் செய்வது போல அவ்வளவு கச்சிதமாக. அவளை நான் அடித்தது இரண்டே முறை. அதைக் கற்றுக்கொள்ள இரண்டு முறை போதுமா? கணினி மறுநாளே சரியாகிவிட்டது. அந்தத் தோள்தான் கண்ணை விட்டுப் போகவில்லை.

நெடுவழி:
எனக்குக் கோபம் கட்டைவிரலில் வரும். இரவு பதினொன்றரைக்கு அண்ணன் ஒரு செய்தி அனுப்பினார். என்ன என்பது இப்போது முக்கியமில்லை. பத்து வரை எண்ணு என்பார்களே, உண்மையாகவே எண்ணினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னதைவிடக் கூரான ஒரு சொல் கிடைத்தது, அவ்வளவுதான். இறந்துபோன அப்பாவையும் இழுத்து எழுதி அனுப்பினேன். அனுப்பியதுமே வயிறு கலங்கிவிட்டது. அழிப்பதற்காக விரலை அழுத்திக்கொண்டிருக்கும்போதே இரண்டு டிக்கும் நீலமாயின. அழித்தேன். 'இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்' என்ற வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழே நான்கு வருடமாக ஒன்றும் இல்லை. தயவுசெய்து எண்ணச் சொல்லி யாரும் என்னிடம் வராதீர்கள்.

வெண்மேகம்:
நெடுவழி சகோ, வருத்தமாக இருக்கிறது, ஆனால் எண்ணியதைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் எண்ணிக்கொண்டே கோபத்தைத் தீட்டியிருக்கிறீர்கள். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் 600 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார். கோபமூட்டிய ஆளை நினைத்தபடியே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் மிஞ்சியது. 'கொட்டித் தீர்த்தால் அடங்கும்' என்பது பொய். நானும் ஒரு முறை கண்ணாடி டம்ளரைச் சுவரில் எறிந்திருக்கிறேன். கணவர் ஒன்றும் பேசாமல் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். அப்போதும் எனக்கு அடங்கவில்லை, அடுத்ததைத்தான் தேடினேன்.

இன்னொன்று. பெஞ்சமின் லிபெட் என்ற மூளை ஆய்வாளர் 1983இல் செய்த சோதனையில், ஒருவர் கையை அசைப்பதற்குச் சுமார் அரை நொடி முன்பே மூளை தயாராகத் தொடங்கியிருந்தது. 'அசைக்கப் போகிறேன்' என்ற நினைப்பு வந்தது சுமார் 0.2 நொடி முன்புதான். அந்த மிச்ச நேரத்தில் தடுத்துவிட முடியும் என்று அவர் நம்பினார். அது கோபத்தை அளந்த சோதனை இல்லை, சரி. ஆனால் கை ஓங்கிய பிறகு தடுக்கப் பார்ப்பது எவ்வளவு தாமதம் என்று எனக்குப் புரிந்தது அதைப் படித்துத்தான். அதனால் முன்பே பிடியுங்கள். எனக்கு முதலில் தாடை இறுகும், அப்புறம் காது சூடாகும். தாடை இறுகும்போதே இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். மூச்சை அடக்கி முகத்தைக் குளிர்ந்த நீரில் முக்குங்கள், இதயத் துடிப்பு தானாகக் குறையும். இதயக் கோளாறு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். செய்தி எழுதுவதாக இருந்தால் பெறுநர் பெயர் இல்லாத இடத்தில் எழுதுங்கள். காலையில் படித்துப் பார்த்துவிட்டு...

கரையோரம்:
வெண்மேகம், குழாய் வரை போக நேரம் கிடைப்பவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. என் அம்மாவுக்கு மறதி நோய். இரவு மூன்று மணிக்கு "வீட்டுக்குப் போகலாம்" என்று கதவைத் திறக்கப் போனார். நாங்கள் இருப்பதே அவர் வீடுதான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். தடுக்கத்தான் பிடித்தேன். ஆனால் அது எங்கே கோபமாக மாறியது என்று எனக்குத் தெரியும், அவர் நின்ற பிறகும் நான் விடவில்லை. "வலிக்குதும்மா" என்றார். மகளைச் செல்லமாக அப்படிக் கூப்பிட்டாரா, என்னைத் தன் அம்மா என்று நினைத்துவிட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. அப்போது பல வாரமாக எனக்கு மூன்று மணி நேரத் தூக்கம்தான். தாடை எப்போதுமே இறுகித்தான் இருந்தது. இப்போது தங்கை வாரத்தில் இரண்டு இரவு வந்து பார்த்துக்கொள்கிறாள். அதன் பிறகு அப்படிப் பிடித்ததில்லை. எனக்கு உதவியது அது ஒன்றுதான்.

மண்குதிர்:
இரவுப்பறவை, இரண்டு முறை என்பது நீங்கள் வைத்த கணக்கு. ஓங்கி நின்ற கை, அறைந்து சாத்திய கதவு எல்லாம் அவள் கணக்கில் சேரும். நானும் அப்படி வளர்ந்தவன்தான். வயது நாற்பத்தொன்று. பக்கத்தில் யாராவது அலமாரியிலிருந்து எதையாவது எடுக்கக் கையைத் தூக்கினால் இன்றும் என் தலை தானாகச் சாய்கிறது. திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளிடம் பேசிவிட்டீர்களா?

இரவுப்பறவை:
பேசினேன். அன்று இரவே பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அப்பா கை ஓங்கினது தப்பு, தண்ணி கொட்டினதுக்கு அது தண்டனை இல்ல" என்றேன். "கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?" என்று மட்டும் கேட்டாள். கதவு பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. நேற்று அவளுடைய பென்சில் பெட்டி மேசையிலிருந்து விழுந்து எல்லாம் சிதறியது. நான் அறையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தேன், எழக்கூட இல்லை. தோள் பாதி வரை உயர்ந்தது. அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாக இறங்கியது.