மூக்குத்தண்டு ஆபரேஷனை ‘அழகு சிகிச்சை’ என்று இன்சூரன்ஸ் தள்ளிவிட்டது, என்ன செய்யலாம்?

தங்கச்சிமடத்துக்காரி:
தம்பிக்கு 27 வயது, விசைப்படகில் போகிறான். எட்டு மாதத்துக்கு முன் வலை இழுக்கும்போது விஞ்சுக் கயிறு தெறித்து மூக்கில் அடித்தது. வெளியே கோணல், இடது பக்கம் மூச்சே போவதில்லை. பாலிசி போட்டு 15 மாதம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை செப்டோரைனோபிளாஸ்டி (மூக்குத்துளைகளைப் பிரிக்கும் நடுத்தண்டையும் மூக்கின் வெளிவடிவத்தையும் சேர்த்துச் சரிசெய்யும் ஆபரேஷன்) என்று எழுதி கேஷ்லெஸ் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுவது) கேட்டது. “அழகு சிகிச்சை, தண்டு வளைவுக்கு 24 மாதக் காத்திருப்பும் முடியவில்லை” என்று நிராகரிப்பு வந்துவிட்டது. இனி வழி உண்டா?

கிளெய்ம்மேசை:
உண்டு அக்கா. இரண்டு காரணத்துக்கும் பதில் உங்கள் பாலிசிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

விலக்குப் பட்டியலில் 08 என்ற எண்ணைப் பாருங்கள். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று தொடங்கும். ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றும் அதே பத்தியில் இருக்கும். தம்பிக்கு வெளிக்கோணலை நிமிர்த்துவதுகூட இதில் வரும். விலக்கு 02 தான் 24 மாதக் காத்திருப்பு, அதாவது பட்டியலில் உள்ள சில நோய்களுக்குப் பாலிசி தொடங்கி அத்தனை மாதம் பணம் கிடைக்காது. விபத்தால் வந்த கிளெய்முக்கு அதுவும் பொருந்தாது. பாலிசி தொடங்கிய பிறகு நடந்த அடி என்பதால் ‘முன்பே இருந்த நோய்’ என்ற பேச்சுக்கும் இடமில்லை.

அப்படியானால் ஏன் தள்ளினார்கள்? பெரும்பாலும் விண்ணப்பத்தில் விபத்து என்ற சொல்லே இருந்திருக்காது. ‘மூக்குக் கோணல், செப்டோரைனோபிளாஸ்டி’ என்று ஒரே வரி போனால் படிப்பவருக்கு அது அழகு ஆபரேஷனாகத்தான் தெரியும். அடிபட்ட தேதியையும் அடிபட்ட விதத்தையும் சேர்த்து டாக்டரிடம் புதுக் கடிதம் வாங்கி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டில் தண்டு சரிசெய்யும் கட்டணமும் வெளிவடிவக் கட்டணமும் தனித்தனியாக இருக்கட்டும். வெளிவடிவத்தில் தகராறு வந்தாலும் மூச்சுக்கான பகுதி அதோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளாது.

கேஷ்லெஸ் மறுத்ததால் கிளெய்மே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். காகிதம் தர டிஸ்சார்ஜிலிருந்து 15 நாளா 30 நாளா என்பதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். அறை வாடகை வரம்பைத் தாண்டிய அறை மட்டும் எடுக்காதீர்கள். பல பாலிசிகளில் வாடகை கூடினால் ஆபரேஷன் கட்டணத்திலும் அதே விகிதத்தில் வெட்டு விழும்.

காதுமூக்குத்தொண்டை:
டாக்டர் சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். எந்தப் பக்கம் அடைப்பு, எவ்வளவு நாளாக. நேசல் எண்டோஸ்கோபி (மூக்கினுள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) அறிக்கை, சைனஸ் சி.டி. ஸ்கேன். கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்தால் மூச்சு எளிதாகிறதா என்று பார்க்கும் ‘காட்டில்’ (Cottle) சோதனை. எளிதானால் மூக்கின் வால்வுப் பகுதி (உள்ளே காற்று போகும் மிகக் குறுகிய இடம்) ஒடுங்கியிருக்கலாம், அதற்குத் தண்டை மட்டும் நேராக்கினால் போதாது. வெளிவடிவ வேலையும் ஏன் மூச்சுக்காகவே தேவை என்பதை விளக்க மற்ற அறிக்கைகளோடு இதுவும் உதவும். முன்பக்கம், பக்கவாட்டு, கீழிருந்து எடுத்த படங்களையும் சேருங்கள்.

விபத்து இல்லாமல் மூக்கடைப்புக்காகவே போகிறவர்கள் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைச் சில வாரம் போட்டும் பலனில்லை என்ற குறிப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும். ‘சிறுவயதிலிருந்தே’ என்று சீட்டில் விழுந்தால் முன்பே இருந்த நோய் என்பார்கள். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்தில் டாக்டர் கண்டறிந்ததோ, ஆலோசனையோ மருந்தோ பெற்றதோதான் அந்த வகையில் சேரும். வெறும் அடைப்பு சேராது.

தங்கச்சிமடத்துக்காரி:
அன்றைக்கு ராமேசுவரம் அரசு மருத்துவமனையில்தான் காட்டினோம். ஓ.பி. சீட்டு தொலைந்துவிட்டது.

கிளெய்ம்மேசை:
சீட்டு போனால் போகட்டும். அடிபட்டு வந்தவர் என்று பதிந்திருந்தால் விபத்துப் பதிவேட்டில் இருக்கும். தேதியையும் தம்பி பெயரையும் எழுதி மருத்துவமனையில் நகல் கேளுங்கள். உங்கள் வழக்கில் முதுகெலும்பு அந்த நகல்தான். அன்று எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையும் வையுங்கள்.

அதன் பிறகும் மறுத்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ புகார்த் தளத்திலும் பதியுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (கம்பெனிக்கு எதிரான புகாரை விசாரித்துத் தீர்ப்பவர்) எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

காதுமூக்குத்தொண்டை:
படகில் போகிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூக்கில் அடிபட்டு உள்ளே இரண்டு பக்கமும் மெத்தென்று வீங்கி அடைத்தால் தண்டில் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றே வடிக்க வேண்டும். விட்டால் குருத்தெலும்பு செத்து மூக்கு நடுவில் அமுங்கிவிடும். எலும்பு மட்டும் விலகியிருந்தால் வீக்கம் வற்றியதும், இரண்டு வாரத்துக்குள், வெட்டாமலே நேராக்கிவிடலாம். கரைக்கு வந்ததும் காட்டிவிடுங்கள், விபத்து என்று பதியவும் சொல்லுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்கள் தண்டு ஆபரேஷன் செய்துகொண்டால் டாக்டர் உள்ளே பார்த்து அனுமதிக்கும்வரை முங்கவே கூடாது. ஆறாத மூக்கில் காது அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, முகமூடியும் எலும்பை அழுத்தும்.