சன்னி அழியப்போகிறவனா? பால்ட்வின் கதையின் கடைசிக் கோப்பை

கேள்வி

ஜேம்ஸ் பால்ட்வினின் ‘சன்னீஸ் ப்ளூஸ்’ (1957) சிறுகதையைத் தல்லாகுளத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சென்ற ஞாயிறன்று பேசினோம். ஹெராயின் வழக்கில் சிறை சென்று மீண்ட பியானோ கலைஞனான சன்னியின் கதையை, நியூயார்க்கின் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமில் அல்ஜீப்ரா கற்பிக்கும் அவனுடைய அண்ணன் சொல்கிறான். முடிவில், தம்பி வாசிப்பதை முதன்முறையாக மனம் கொடுத்துக் கேட்கும் அண்ணன், விஸ்கியும் பாலும் கலந்த கோப்பை ஒன்றை மேடைக்கு அனுப்ப, அது பியானோவின் மேல் ஒளிர்ந்து நடுங்குகிறது. இதை மீட்சி என்றே பலரும் வாசித்தார்கள். சன்னி அழிவை நோக்கிப் போகிறான் என்றே எனக்குத் தோன்றியது. இதற்குக் கதைக்குள் ஆதாரம் உண்டா?

முதல் பதில்

உண்டு. அந்தக் கோப்பை ஏசாயா 51ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. தமிழ் வேதாகமம் அதைத் ‘தத்தளிப்பின் பாத்திரம்’ என்கிறது. அங்கே கர்த்தர் அதைத் தம் ஜனத்தின் கையிலிருந்து நீக்கிப்போடுகிறார். இங்கேயோ அண்ணனே அதைத் தம்பியின் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கிறான். தம்பியும் ஒரு வாய் அருந்திவிட்டுத் திரும்ப வைக்கிறான். சன்னி தன் ஆதர்சமாகச் சொல்லும் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர். கதை வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1955இல், 34 வயதில் இறந்தார். அந்தப் பெயரை அன்றைய ஜாஸ் ரசிகர் யாரும் சாதாரணமாகக் கடந்திருக்க முடியாது.

இரண்டாம் பதில்

ஆதாரத்தை மறுக்கவில்லை, கேள்வியைத்தான் மறுக்கிறேன். ‘இவன் தேறுவானா?’ என்பது கதை நெடுக அண்ணன் கேட்கும் கேள்வி, அந்தக் கேள்வியே அவன் காதை அடைத்திருக்கிறது. மேடைக்குப் போகும் முன் சன்னியே, அந்தப் போதைப் பழக்கம் திரும்பவும் வரக்கூடும் என்று அண்ணனிடம் சொல்லிவிடுகிறான். அண்ணன் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இசை அவனுக்குக் கேட்கத் தொடங்குகிறது.

சித்திரைத் திருவிழாப் புறப்பாடுகளில் தவில் வாசித்துப் பழகியவன் என்பதால், சன்னியோடு மேடையில் பாஸ் என்னும் கனத்த சுருதித் தந்தி வாத்தியம் வாசிக்கும் க்ரியோல் என்னை அதிகம் ஈர்த்தார். ஓராண்டுக்கு மேல் பியானோவைத் தொடாத சன்னி தடுமாறும்போது, நாகஸ்வரக்காரர் திணறுகையில் சொற்களைக் குறைத்து இடம் விட்டுத் தரும் தவில்காரரைப் போலவே அவரும் செய்கிறார். ஆனால் அவனைக் கரையில் நிற்க விடுவதில்லை. ஆழத்துக்குப் போவது வேறு, மூழ்கிப்போவது வேறு என்பதை அறிந்தவர் அவர். இந்தப் பத்திகளை விட்டுவிட்டுக் கோப்பையை மட்டும் வைத்து வழக்காடுவது, மன்னிக்கவும், கச்சேரிக்குப் போய்ச் சுருதிப்பெட்டியை மட்டும் பார்த்து வருவதைப் போன்றது.

கேட்டவர்

சுருதிப்பெட்டி அடி சரியாகவே விழுந்தது, ஐயா. ஆயினும் அழிவு என்னும் சொல்லை விட்டுவிட மனமில்லை. அதைச் சன்னியின் தலையில் மட்டும் சுமத்தியதே என் பிழை. கிதார் வாசித்த சித்தப்பாவை, குடித்திருந்த வெள்ளையர்கள் நிலவொளியில் காரை ஏற்றிக் கொன்றதைத் தாய் மூத்தவனிடம் சொல்லும் பகுதியை நான் வேகமாகப் புரட்டியிருந்தேன். சன்னி வாசிக்கையில் அண்ணனின் கண்முன் வருவது அந்த நிலவொளிச் சாலைதான். அடுத்த கூட்டத்தில் தாய் பேசும் அந்தப் பக்கங்களை உரக்கப் படித்துவிட்டு, பிறகே முடிவைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.