கண்காட்சிக்குச் சேவல் கொண்டுபோனவர்கள் பகிர்ந்தவை

திண்டுக்கல்

பொங்கல் முடிந்தால் எங்கள் பக்கம் ஆங்காங்கே கிளி மாதிரி வளைந்த மூக்கும் (அலகும்) விசிறி மாதிரி விரியும் வாலும் கொண்ட கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்குக் கண்காட்சி நடக்கும். இந்த வருடம் ஒன்றில் பார்த்ததை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

எனக்கு இரண்டு கூண்டு தள்ளி ஒரு மயில் நிறச் சேவல் இருந்தது. வாலில் ஒரு இறகுகூட ஒடியவில்லை. கட்டையாகக் கீழே வளைந்த மூக்கு, முத்து மாதிரி வெள்ளை விழி. காலையிலேயே விலை பேச ஆள் வந்துவிட்டார்கள். ஆனால் நடுவர் கையை நீட்டியதும் சேவல் கூண்டில் மோதி அலறியது. வெளியே எடுத்து விட்டால் நிமிரவே இல்லை. பம்மி, வாலை ஒடுக்கிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றது. விரியாத வாலைப் பார்த்து நடுவர் எப்படி மதிப்பெண் போடுவார்? பரிசு ஒரு காகச் சேவலுக்கு, அதாவது கறுப்பு நிறச் சேவலுக்குப் போனது. மயிலைவிட அதற்கு வால் குட்டை. ஆனால் மைக் அலறலுக்கு நடுவிலும் கழுத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

அந்தக் காகத்தின் உரிமையாளரை விடாமல் பிடித்துக் கேட்டேன். சிரித்தார். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் சேவலைக் கையில் எடுப்பாராம். இருட்டத் தொடங்கினால் சேவல் தானாக அடங்கும், அந்த நேரத்தில் பழக்குவது சுலபம். இறக்கையை விரித்துப் பார்ப்பது, விரல்களைத் தொடுவது, மூக்கைத் திறந்து பார்ப்பது, அப்புறம் மேசைமேல் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவது. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பையன்களையும் தூக்க விடுவாராம். "நடுவர் என் கை மாதிரியா தொடப் போறார்?" என்றார். பாதாம், முட்டை என்று மாதாமாதம் கொட்டுகிறோமே, இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

மணப்பாறை

அண்ணா சொன்னது சரி. நான் ஒரு படி பின்னால் போகிறேன். எங்கள் வீட்டில் சேவலைவிடப் பெட்டைகள்தான் அதிகம், கவனிப்பதும் நான்தான். குஞ்சு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அப்பன் சேவலின் போட்டோ கேட்கிறார்கள். தாய்க்கோழியைக் காட்டச் சொல்லி இதுவரை கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூக்கும் வாலும் பாதி அவளிடமிருந்துதானே வருகிறது? குணமும்தான். ஆளைக் கண்டால் பறந்து ஓடும் கோழி வளர்த்த குஞ்சும் அப்படியே ஓடும். நான் அடை வைப்பதற்கு மடியில் வந்து உட்காரும் கோழியாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

இன்னொன்று. போன மாசியில் ஒருவர் என்னிடம் வாங்கிய இளஞ்சேவலைத் திருப்பிக் கொண்டுவந்தார். விழி வெள்ளையாக இல்லையாம், ஏமாற்றிவிட்டேனாம். சின்ன வயதில் விழி கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும், வளர வளரத் தெளியும் என்று சொன்னால் கேட்கவில்லை. சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்தச் சேவல் இப்போது எங்கள் வாசலில் முத்து விழியோடு நிற்கிறது. விற்பதாக இல்லை.

இங்கிலாந்து, யார்க்‌ஷயர்

நான் கோழி வளர்க்கவில்லை, வேடிக்கை பார்ப்பதோடு சரி. ஊரில் சித்தப்பா வளர்த்த பழக்கத்தில் இங்கேயும் கோழிக் கண்காட்சி என்றால் போய்விடுவேன். டெல்ஃபோர்டில் நடக்கும் தேசியக் கண்காட்சியில் மாடர்ன் கேம் பேன்டம் என்ற குட்டிச் சேவலை முதன்முதலில் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முழுச் சேவலே 570 முதல் 620 கிராம்தான். உடம்பு ஒரு பிடி, மற்றதெல்லாம் காலும் கழுத்தும். வால் மெல்லியதாக, ஒட்டி மூடியபடி இருக்க வேண்டும். நம் விசிறிவாலுக்கு நேர் எதிர்!

இங்கே 1835ல் சட்டம் போட்டுச் சேவல் சண்டையைத் தடுத்தார்கள். சண்டைச் சேவல் வளர்த்தவர்களில் பலர் கண்காட்சிப் பக்கம் திரும்பினார்கள். உயரத்துக்காக மலாய்க் கோழி இனத்தைக் கலந்து, அழகுக்கென்றே உருவாக்கிய சேவல் இது. நம் ஊரிலும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்தில் சண்டைக்குத் தடை இருக்கிறது. கிளிமூக்கை அழகுக்கென்று வளர்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். நடுவர் கையில் ஆன்டெனா மாதிரி நீளும் ஒரு குச்சி. கூண்டுக்குள் அதை நீட்டிக் காட்டியதும் அந்தக் குட்டிச் சேவல் ராணுவ வீரன் போல உச்சிவரை நிமிர்ந்தது. எப்படி என்று ஒரு பாட்டியம்மாவிடம் கேட்டேன். வீட்டிலேயே கண்காட்சிக் கூண்டு மாதிரி ஒன்றில் பழக்குவாராம். புழு, இறைச்சித் துணுக்கு எதுவானாலும் கூண்டின் மேல்பக்கமாகத்தான் கொடுப்பார். எட்டி எட்டித் தின்றே அதற்கு நிமிரும் பழக்கம் வந்துவிடும். குச்சியைக் கண்டால் தீனி வருகிறது என்று நினைத்துக்கொள்ளும். திண்டுக்கல் அண்ணன் சொன்ன மேசைப் பழக்கத்தோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

தாராபுரம்

மேலிருந்து தீனி கொடுப்பதை எங்கள் மாமாவும் செய்வார். ஆனால் அவர் அதற்குக் காரணம் எதுவும் சொன்னதில்லை!

நிற்கப் பழக்குவது இருக்கட்டும், காட்ட வால் வேண்டுமே. இறகு ஒடிந்துவிட்டால் அடுத்த உதிர்ப்பு வரை அது அப்படியேதான் இருக்கும். அடியோடு உருவி வந்த இறகுதான் உடனே முளைக்கும். ஒடிந்த இறகைக் கண்காட்சிக்கு முந்தின வாரம் பிடுங்கிவிட்டு, அப்போதுதான் முளைக்கிற குருத்து இறகோடு சேவலைக் கொண்டுவந்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். நீள இறகு முழுசாக வளர மாதக்கணக்கில் ஆகும். ஆடிக்கு மேல் உதிர்த்து, ஐப்பசி கார்த்திகையில் வளர்ந்து வருகிற வால்தான் தை மாதத்தில் மேடை ஏறும். அந்த மாதங்களில் தீனியில் புரதம் குறையக் கூடாது. கருவாட்டுத் தூள், வேகவைத்த முட்டை, முளைகட்டிய பயறு எதுவானாலும் சரி. குருத்து இறகில் ரத்தம் ஓடும், அந்த நேரத்தில் வால் பக்கம் கை வைக்காதீர்கள். கம்பி வலைக் கூண்டு ஆகாது, நுனியெல்லாம் தேய்ந்துவிடும். வால் தரையைத் தொடாத உயரத்தில் கட்டை போட்டு, கீழே மணல் பரப்பினால் போதும். சாம்பலும் கொஞ்சம் கலந்துவிடுங்கள், பேனுக்கு நல்லது.

கண்காட்சியிலிருந்து பரிசோடு நோயும் வரும். போன வருடம் எங்கள் பக்கத்தில் ஒருவர் கோப்பையோடு வந்தார், அடுத்த வாரம் தொழுவமே கோழிக்கழிச்சல் நோயில் காலி. பிப்ரவரியில் கால்நடைத் துறை போடும் இலவசக் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் காத்திருக்காதீர்கள். கண்காட்சி அதற்கு முன்னாலேயே வந்துவிடும். ஊசி போட்டுக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் போனால்தான் எதிர்ப்பு வரும், அதைக் கணக்கு வைத்து முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள். திரும்பி வந்த சேவலை இரண்டு வாரம் தனியாகக் கட்டுங்கள். மற்றவற்றுக்குத் தீனி வைத்த பிறகு கடைசியாக அதன் பக்கம் போங்கள்.

திண்டுக்கல்

தம்பி, தனியாகக் கட்டுகிற அந்த இரண்டு வாரமும் விளக்கு வைக்கிற நேரத்தில் கையில் எடுக்கலாமா, கூடாதா?

தாராபுரம்

எடுங்கள் அண்ணா. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, சட்டையையும் மாற்றிக்கொண்டு மற்ற கோழிகளிடம் போங்கள். தும்மல், மூக்கில் சளி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிச்சல் ஏதாவது கண்டால் மட்டும் தூக்காதீர்கள், நேராக டாக்டரிடம் காட்டுங்கள்.