ஏழு பிள்ளைகளுக்கு 1,400 ரூபாயில் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கிய அனுபவம்

மஞ்சக்குப்பம் தையல்காரி:

2024 டிசம்பரில் நடந்ததை எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகள் நிறைய, கையில் காசு குறைவு, பரிசுக்கு என்ன செய்வது என்று யோசிக்கிறவர்கள் யாருக்காவது உதவட்டும்.

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று அம்மா வீட்டுப் பக்கம், மாமியார் வீட்டுப் பக்கம் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். பிள்ளைகள் மட்டும் ஏழு பேர்: எனக்கு இரண்டு, அண்ணனுக்கு இரண்டு, நாத்தனாருக்கு மூன்று. மூத்தவன் அண்ணன் மகன், அப்போது 15 வயது. கடைக்குட்டி நாத்தனார் மகள், 3 வயது.

அந்த வருஷம் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்களுக்குப் புயலை விட அதற்கு அப்புறம் வந்த வெள்ளம்தான் பெரிய அடி. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பொங்கி வந்து குண்டு உப்பலவாடிப் பக்கமெல்லாம் புகுந்துவிட்டது. அண்ணன் வீடு அங்கேதான். அரிசி, பாய், பிள்ளைகளின் புத்தகம் எதுவும் மிஞ்சவில்லை. அரசாங்கம் கொடுத்த 2,000 ரூபாய் பாத்திரத்துக்கும் பாய்க்கும் போனது. எனக்கும் பத்து நாள் வேலை இல்லை. தைக்கக் கொடுக்கிறவர்கள் வீட்டிலும் அதே நிலைமைதானே. துணிமணி, பிரியாணிச் செலவெல்லாம் ஒதுக்கியது போக, பரிசுக்கு என்று 1,400 ரூபாய்தான் நின்றது.

பேசாமல் இந்த வருஷம் பரிசு வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். நாம் சின்ன வயதில் பரிசா கேட்டோம், புதுத்துணியும் கேக்கும் போதாதா என்று கேட்டார். அவர் சொன்னதும் தப்பில்லை, எங்கள் காலத்தில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் வீட்டை வெள்ளத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு அந்த வருஷம் பார்த்தா ஒன்றும் இல்லை என்று சொல்வது? எனக்கு மனசு வரவில்லை.

இதில் 2023இல் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். அப்போது ஒரு ஃபேன்சி கடையில் ஒரே மாதிரி பேட்டரி கார் ஆறு வாங்கினேன். சண்டை வரக்கூடாதே என்றுதான் ஒரே மாதிரி. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து பிரித்தார்கள், விடிவதற்குள் நாலு கார் ஓடவில்லை. அதைக்கூட விடுங்கள். ஏழு பிள்ளைகளுக்கு ஏன் ஆறு கார்? மூத்தவன் வளர்ந்துவிட்டான், அவனுக்கு எதற்குக் கார் என்று விட்டுவிட்டேன். அவனே பையை வைத்துக்கொண்டு பேர் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தான். கடைசியில் பைக்குள் ஒருமுறை கையை விட்டுத் துழாவினான், அப்புறம் பையை மடித்து என்னிடம் கொடுத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கை துழாவினது ஒரு வருஷம் முழுக்க என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அதனால் 2024இல் மூத்தவனிடமிருந்துதான் ஆரம்பித்தேன். இரண்டு வாரம் பிள்ளைகளைக் கவனித்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. வெள்ளம் வடிந்து அண்ணன் வீட்டுக்குத் துடைக்கப் போனபோது 12 வயது மகள் மாடியில் உட்கார்ந்து தன் டிராயிங் நோட்டை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, பறக்காமல் இருக்க மேலே ஓட்டுத் துண்டு வைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கெட்ச் வண்ணமெல்லாம் கரைந்து ஒரு தாளின் மயில் அடுத்த தாளிலும் படிந்திருந்தது. அவளுக்கு என்ன வாங்குவது என்று யாரைக் கேட்க வேண்டும்? நாத்தனார் மகன் கேரம் காய் பாதி தொலைந்துபோய்ச் சட்டை பொத்தானை வைத்து ஆடிக்கொண்டிருந்தான். என் மகளுக்கு ஸ்கிப்பிங் கயிறு பைத்தியம், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இரவல் வாங்கி ஆடுவாள்.

டிசம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், காந்தி வீதியில் ஞாயிறு அன்று சாலை ஓரம் முழுக்கக் கடை போடுவார்கள், துணி, செருப்பு, பொம்மை, பாத்திரம் என்று எல்லாம் கிடைக்கும். ஒரு சுற்று வாங்காமல் நடந்து விலையை மட்டும் கேளுங்கள். இரண்டாவது சுற்றில் வாங்குங்கள். முதல் கடையில் 200 சொன்ன அதே மரச் சொப்பு சாமான் நாலு கடை தள்ளி 130க்குக் கிடைத்தது. பேட்டரி போட்ட எதையும் நான் தொடவில்லை. நோட்டு, ஸ்கெட்ச், கேரம் காய் மாதிரிச் சாமான்களைக் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலேயே வாங்கிக்கொண்டேன், அங்கே விலை சரியாக இருந்தது.

மூத்தவனுக்கு 120 ரூபாயில் ஒரு பழுப்பு நிறப் பர்ஸ். வெறும் பர்ஸ் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்வார்கள், அதனால் உள்ளே புது 10 ரூபாய் நோட்டு ஒன்று வைத்தேன்.

ஒருவருக்கு 60 ரூபாய், இன்னொருவருக்கு 250 ரூபாய் என்று ஆகிவிட்டது, அது தெரியக்கூடாதே. ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டுகளை வைத்து ஏழு சுருக்குப் பை தைத்தேன், எல்லாம் ஒரே அளவு, நிறம் மட்டும் வேறு. நாடாவில் பேர் எழுதிய அட்டை. கிஃப்ட் பேப்பர் செலவு மிச்சம், பை பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது. மொத்தம் 1,310 ரூபாய் ஆனது.

பூசை முடிந்து வந்து, குடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தார்கள். மூத்தவன் பர்ஸைத் திறந்தான், நோட்டைப் பார்த்தான், மூடினான். பள்ளி அடையாள அட்டையை எடுத்து உள்ளே செருகிப் பார்த்துப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். "அத்தை, எனக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

முத்தியால்பேட்டை:

அக்கா, கடைசி வரி படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பிள்ளைகள் 11 பேர். நாங்கள் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு சீட்டுப் போடுகிறோம், பள்ளியில் விளையாடுவதுதான். ஆளுக்கு ஒரு சீட்டு, எந்தப் பேர் வருகிறதோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் பரிசு. பெரியவர்கள் ஆளுக்கு 150 ரூபாய் கையில் கொடுத்துவிடுவோம், பிள்ளைகளே வாங்க வேண்டும். முதல் வருஷம் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டோம், ஒரு பையன் 100 ரூபாயைத் தனக்குச் செலவழித்துவிட்டு ஒரு சோப்பு டப்பாவைக் கட்டிக் கொடுத்துவிட்டான். வாங்கிய பெண் அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. இப்போது நானோ என் தம்பியோ கூடப் போகிறோம், எதை வாங்கு என்று சொல்வதில்லை, காசை மட்டும் பார்த்துக்கொள்கிறோம். போன தடவை 9 வயதுப் பையன் தன் சித்தப்பா மகளுக்கு மழைக்கோட்டு தேடி நேரு வீதி முழுக்க நடக்க வைத்தான். அவள் நனைந்துகொண்டே பள்ளிக்கு வருகிறாளாம், எங்கள் யாருக்கும் அது தெரியாது.

தேவனாம்பட்டினம்:

அக்கா சொன்ன "கவனித்தேன்" என்பதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது எனக்கு 9 வயது. முகாமில் தங்கியிருந்தோம். மூட்டை மூட்டையாகத் துணியும் பொம்மையும் வந்தது, கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வந்தது ஒரு கரடி பொம்மை. நான் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த ஒரு அம்மா, யார் என்று இன்றுவரை தெரியாது, உட்கார்ந்து "உனக்கு என்னடா கண்ணு வேணும்?" என்று கேட்டார்கள். ஜாமெட்ரி பாக்ஸ் என்றேன். அப்பா வாங்கிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அலையில் போய்விட்டது. மறுநாள் கொண்டு வந்து கொடுத்தார்கள். பத்தாவது வரை அதைத்தான் வைத்திருந்தேன். மூடியில் என் பேரை ஆணியால் கீறி வைத்திருப்பேன். கரடியை என் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்.

மஞ்சக்குப்பம் தையல்காரி:

தேவனாம்பட்டினம் தம்பி, உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்றே தெரியவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். முத்தியால்பேட்டை தம்பி, மழைக்கோட்டு வாங்கிய பிள்ளைக்கு இந்த அத்தை சார்பில் ஒரு முத்தம் கொடுங்கள். சீட்டு யோசனையை நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன், சின்னதுகளை மட்டும் சேர்க்காமல் பெரிய பிள்ளைகள் நாலு பேருக்குப் போட்டுப் பார்க்கலாம் என்கிறாள். இந்தத் தடவை மார்க்கெட்டுக்கு மூத்தவனும் வருகிறானாம், சாமான் பையை அவன் தூக்குவானாம். பர்ஸ் ஓரம் பிய்ந்துவிட்டது, நேற்று மெஷினில் வைத்து ஒரு தையல் ஓட்டிக் கொடுத்தேன். அந்த 10 ரூபாய் நோட்டு உள்ளேயே இருக்கிறது.