ஸ்லோ குக்கரில் கிரனோலா: ஓரம் கருகுது, நடுவில் கொழகொழங்குது

பவானிக்கரை:
ஏனுங்க, கிரனோலா (ஓட்ஸ், பருப்பு எல்லாம் இனிப்புல பிசறி மொறுமொறுன்னு வாட்டறது) பண்றேன். வீட்டுல ஓவன் இல்லை; மூன்றரை லிட்டர் ஸ்லோ குக்கர்தான் (கம்மிச் சூட்டுல மெதுவா வேக வைக்கற கரண்டு பானை). ஓட்ஸ், கடலைக்காய்ப் பருப்பு, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, திராட்சை எல்லாத்தையும் போட்டு மூடி, ‘லோ’வுல (கம்மிச் சூடு) 4 மணி நேரம் வெச்சா ஓரம் கருகி, நடுவுல ஈரமா நிக்குது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கும் ஏத்த மாதிரி அளவு சொல்லுங்க.

காங்கேயம் செக்கு:
மூடி வெச்சதுதானுங்க காரணம். ஆவி வெளிய போகாம குழம்பு கொதிக்கறதுக்குன்னே பண்ணின பாத்திரம் அது. ஓட்ஸுல இருக்கிற ஈரம் மேல போயி மூடியில பட்டு, சொட்டுச் சொட்டா திரும்ப உள்ளயே விழுகுது. மூடிக்கும் பானைக்கும் நடுவுல ஒரு மரக்கரண்டியைக் குறுக்கா வெச்சு விரலளவு சந்து உடுங்க. மூடிக்கு அடியில பருத்தித் துண்டு விரிக்கறதும் நல்லது. ஆனா முனை தொங்கி சூடான பக்கத்துல படாம, மூடி மேல மடிச்சுப் போடோணும்.

ஓரம் கருகறதுக்குக் காரணம், சூட்டுக்கம்பி பானையோட பக்கச் சுவரைச் சுத்தி ஓடறது. அரை மணிக்கொருக்கா கரண்டியைச் சுவரோட ஒட்டி விட்டு, ஓரத்துல இருக்கிறதை நடுவுக்குத் தள்ளுங்க. கடைசி ஒரு மணி நேரம் கால் மணிக்கொருக்கா.

அளவு: தடிமனான ரோல்டு ஓட்ஸ் 400 கிராம் (இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மாவாயிரும்), கடலைக்காய்ப் பருப்பு 100, பூசணி விதை 50, எள்ளு 25, தேங்காய் எண்ணெய் 60 மில்லி, நாட்டுச் சர்க்கரை 100, உப்பு அரை டீஸ்பூன். எண்ணெயை லேசா சூடாக்கி, சர்க்கரையை 2 டேபிள்ஸ்பூன் தண்ணியில கரைச்சு வடிகட்டி (மண்ணு இருக்கும்) அதோட அடிச்சுக் கலந்து ஓட்ஸுல பிசறுங்க. தண்ணி அதுக்கு மேல வேண்டாம். ‘ஹை’யில ரெண்டரை மணி நேரம் சரியா வரும். பானையில பாதிக்கு மேல நிரப்பாதீங்க.

பொள்ளாச்சி அக்கா:
மூடி விஷயம் சரிதான். ஆனா ‘ஹை’ எல்லா குக்கருக்கும் ஒத்துவராதுங்க. சின்ன பானைன்னா ‘லோ’வுலயே 4 மணி நேரம் விடுங்க, கிளர்றதை மட்டும் விட்டுறாதீங்க. கடலைக்காயை முன்னாலயே வாணலியில முக்கால் பதம் வறுத்துத் தோல் புடைச்சுப் போடோணும். இந்தச் சூட்டுல பச்சை வாசம் முழுசா போகாது. தேங்காய்ச் சீவல் போடறதா இருந்தா கடைசி அரை மணிதான், சீக்கிரம் கருகும். திராட்சை, பேரீச்சை அடுப்புல ஏறவே கூடாது. கல்லு மாதிரி ஆயிரும். ஆறினப்புறம் கலக்குங்க.

சூடா இருக்கையில மெதுக்குன்னுதான் இருக்கும், அதைப் பார்த்து இன்னும் வைக்காதீங்க. ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டுல பரப்பி அஞ்சு நிமிசம் ஆற விட்டுக் கடிச்சுப் பாருங்க. ‘நறுக்’குன்னா முடிஞ்சுது. ஓவன்ல வர்ற கரும்பழுப்பு இதுல வராது, வெளிர் பொன்னிறம் போதும்.

பவானிக்கரை:
ஓட்ஸுக்குப் பதிலா கம்பு அவல் போடலாமுங்களா?

காங்கேயம் செக்கு:
பாதிக்குப் பாதி தாராளமா. அவல் மெலிசு, முதல் ஒரு மணி நேரம் ஓட்ஸு தனியா போகட்டும், அப்புறம் சேருங்க.

கோபி வாய்க்கால்:
அப்பா விசயத்துக்கு வரேன். நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்துல சர்க்கரையை ஏத்தத்தான் செய்யும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா போட்டா ஆபத்தில்லைன்னு நினைச்சுராதீங்க. 50 கிராமாக் குறைச்சு, திராட்சையை நிறுத்திருங்க. 40 கிராம் எடுத்தா சேர்த்த சர்க்கரை ஏறத்தாழ 3 கிராம்தான் வரும். ஓட்ஸும் மாவுச்சத்துதானுங்க, அளவை மட்டும் விடாதீங்க. தயிரோட சாப்பிடச் சொல்லுங்க. வாசத்துக்குப் பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன். சர்க்கரை குறைஞ்சா கட்டி சேராது, உதிரியாத்தான் வரும். கட்டி வேணும்னா முட்டை வெள்ளைக்கரு ஒண்ணை நுரைக்க அடிச்சுப் பிசறிட்டு, இறக்கினதும் தட்டுல அழுத்தி, ஆறும்வரைக்கும் தொடாம விடுங்க.

முழுசா ஆறாம டப்பாவுல அடைச்சா உள்ளயே வேர்த்து நமுத்துப் போயிரும். ஐப்பசி மழையில இன்னும் சீக்கிரம். நமுத்தா வீணில்லை, மூடியில்லாம ‘ஹை’யில அரை மணி நேரம் கிளறி விட்டு, திரும்ப ஆற வெச்சு அடைச்சுக்கலாம்.